சமையலறை வாசலிலிருந்து தெரிகிற டிவி

லிங்கசாமிக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பதே, "இது அது இல்லீங்க" என்று சொல்வதற்குத்தான். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஷேடு பார்க்கிறார். வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொண்டு அனுப்பிய உள்ளங்கை அகலத் துணித்துண்டு ஒரு பக்கம், சாயப்பட்டறையிலிருந்து வந்திறங்கிய துணி ஒரு பக்கம். இரண்டையும் லைட் பாக்ஸுக்குள் ஒட்டிப் போட்டு, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், குண்டு பல்பு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். அந்த உதடு பிதுங்கினால் ஒன்றரை டன் துணி வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். சாயப்பட்டறைக்காரர்கள் சாமி முகத்தைக்கூட அவ்வளவு கவலையோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு டிவி வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும்? ஐந்து மாதம் ஆகும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஆடி மாதம். திருப்பூர் ராயபுரத்து வீட்டில் பழைய டிவி பட்டென்று ஒரு சத்தம் போட்டு, நடுவில் ஒரு வெள்ளைக்கோடு காட்டி, கண்ணை மூடிக்கொண்டது. ரிப்பேர்க்காரர் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பிக்சர் டியூப் போய்விட்டது என்று சொல்லிக் குனிந்த தலையோடு வெளியேறினார். துக்கம் விசாரிக்க வேறு யாரும் வரவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மனைவி தெய்வாத்தாள் பெங்களூரில் இருந்தார். மகள் பிரசவம் முடிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, கூடமாட ஒரு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர். அந்த மூன்று மாதம் ஆரம்பித்து அப்போது பதினாறு மாதம் ஆகியிருந்தது. கொண்டுபோனது நான்கு சேலை. அங்கே இப்போது தனியாக ஒரு பீரோ வாங்கியாகிவிட்டதாகக் கேள்வி.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"ஏனுங்க, சாப்பாடு ஆச்சுங்களா?"

"ஆச்சு புள்ள."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"செரி, குட்டி அழுவுறான், வெச்சரட்டுங்களா?"

நாற்பது விநாடி. இருபத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அன்றைக்கு மட்டும் லிங்கசாமி ஒரு சேதி வைத்திருந்தார். டிவி போய்விட்டது என்றார்.

"அடக் கடவுளே! அப்பறம் தனியா எப்படிங்க பொழுது போவும்? நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்க. தொணையா இருக்கும். பழையபடி பொட்டி மாதர வாங்கீராதீங்க, இங்க மாப்ள செவுத்துல மாட்டியிருக்கறாரு, அந்த மாதர பாருங்க."

லிங்கசாமிக்குச் செவுரும் பொட்டியும் காதில் விழவில்லை. 'தொணை' விழுந்தது. அந்த வேலைக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறது, லீவில் போயிருக்கிறது, அவ்வளவுதானே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளே தன் இடத்துக்கு மாற்று ஆள் போடச் சொன்னால்? டிவி வந்து உட்கார்ந்துவிட்டால், "அவருக்குத்தான் டிவி இருக்குதே" என்று பெங்களூரில் நிம்மதியாகிவிடுவார்கள். பிறகு திரும்பி வருகிற பேச்சு எழாது. போனும் நாற்பது விநாடியில் நின்றுவிடும். ஆகவே டிவி வாங்கியாக வேண்டும், வாங்கியும் விடக்கூடாது. இதற்குத் தோதான திறமை ஷேடு பார்க்கிறவரைத் தவிர வேறு யாரிடம் இருக்கிறது?

கம்பெனியிலிருந்து வரும் வழியில் ஒரு ஷோரூம். அங்கே டிவிப் பகுதிக்கு ராபின் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. பனியன் வேலைக்கு வந்து பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளாமல் டிவி விற்கப் போனவர்.

"வாங்க அண்ணாச்சி. வீட்ல எத்தன பேரு பாப்பிய?"

அளவைக் கேட்பார்கள், சுவரைக் கேட்பார்கள் என்று லிங்கசாமி தயாராகப் போயிருந்தார். இது புதிதாக இருந்தது.

"ஏனுங்க, அதுக்கும் டிவிக்கும் என்னங்க?"

"அதுலதான அண்ணாச்சி எல்லாமே இருக்கு. ஒரு ஆளு நேரா உக்காந்து பாக்கதுன்னா எல்சிடி. மெலிசு, கரண்டும் கம்மி. ஆனா சைடுல போனா கலரு வெளுத்துரும். கூட்டமா நாலா பக்கமும் உக்காருவியன்னா பிளாஸ்மா. எந்த மூலையில இருந்து பாத்தாலும் மொகம் மொகமாத் தெரியும். கரண்டத்தான் குடிக்கும்."

"நாலஞ்சு பேருங்க," என்றார் லிங்கசாமி.

வீட்டில் அவரும் ஒரு பல்லியும்தான். மீதிப் பேரை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது தெரியவில்லை.

ராபின் பிளாஸ்மாவைப் போட்டுக் காட்டினார். திரை முழுக்க ஒரு சிவப்பு மீன் நீந்தியது. லிங்கசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புத் துணித்துண்டை எடுத்து மீனின் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தார். உதடு பிதுங்கியது.

"அண்ணாச்சி, அது மீனு."

"மீனா இருந்தா என்னங்க, செவப்பு செவப்பாத்தானுங்க இருக்கோணும்? இதுல மஞ்சள் கூட அடிக்குது."

"கடக்கரையில பொறந்தவன் சொல்லுதேன், இப்பிடி ஒரு மீன நானே பாத்ததில்ல. இது ஷோரூமுக்குன்னே பெத்த மீனு. இதப் போயி துணியோட சேத்து வச்சுப் பாக்கியளே!"

பிறகு எல்சிடி. லிங்கசாமி அதன் எதிரே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நேராக இடது ஓரத்துக்குப் போனார். இன்னும் ஓரத்துக்குப் போனார். மிக்ஸி அடுக்கியிருந்த அலமாரியில் முதுகு இடிக்கும் இடத்தில் நின்று, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தார். மீன் சாம்பல் பூசிக்கொண்டிருந்தது.

"அங்க போயி ஏன் அண்ணாச்சி நிக்கிய? அங்க யாரு உக்காரப் போறா?"

தெய்வாத்தாள் இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் டிவிக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. சமையலறை வாசலில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று தரையில் உட்கார்ந்து, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு கண்ணால் சீரியல் பார்ப்பார். மற்றொரு கண் அடுப்பில். அந்த வாசலிலிருந்து டிவிக்கு எவ்வளவு சாய்வு என்று லிங்கசாமிக்கு மனப்பாடம். அதே சாய்வில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார், மிக்ஸிகளுக்கு முன்னால்.

அன்று சாயங்கால போன் ஆறு நிமிடம் ஓடியது. மீனைப் பற்றிச் சொன்னதும் தெய்வாத்தாள் சிரித்தார். சிரிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று லிங்கசாமி யோசிக்கப்போய், அடுத்த கேள்வியைத் தவறவிட்டார்.

அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஷோரூம். மீதி நாளுக்கு வேண்டிய சந்தேகங்களைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் கருப்புசாமி கைவசம் வைத்திருந்தார்.

"லிங்கண்ணா, பிளாஸ்மாவா வாங்கறீங்? அதுல ஒரே படம் நின்னா அப்படியே பதிஞ்சு போவுமாமா. எங்க மச்சான் ஊட்டுல நியூசு சேனல அமத்துனாலும் மூலைல இருக்கற சேனல் முத்திரை அமர மாட்டீங்குதாமா."

"அப்ப எல்சிடிங்க்றியா?"

"அதுல கறுப்பே கெடையாதுங்க. எல்லாம் சாம்பலு. பேய்ப் படத்துல பேய் எங்க நிக்குதுன்னே தெரியாது."

இது அன்றைய போனில் பதினொரு நிமிடம் தாங்கியது. "அப்ப சீரியல்ல அழுவுற மூஞ்சி பதிஞ்சுட்டா என்னங்க பண்றது? அணைச்ச பொறவும் அழுதுட்டே இருக்குமே!" என்று தெய்வாத்தாள் உண்மையாகவே கவலைப்பட்டார்.

மின்வெட்டும் கைகொடுத்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகள் ராத்திரி பகலாகச் சுற்ற, இங்கே தினமும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்டே இல்லாத வீட்டில் கரண்ட் குடிக்கும் பிளாஸ்மா எதற்கு என்று ஒரு வாரம். தீபாவளித் தள்ளுபடி வந்தது. தள்ளுபடியில் தருவது பழைய சரக்காக இருக்கும் என்று அதையும் தள்ளிவிட்டார். பிளாஸ்மாவா எல்சிடியா என்று பெங்களூருக்கும் திருப்பூருக்கும் நடந்த பேச்சுவார்த்தை ஐப்பசியில் இருபத்தைந்து நிமிடத்தைத் தொட்டது. கல்யாணம் ஆன புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அப்போது பேசுவதற்கு டிவி இல்லை.

அவரே பெங்களூர் போய் இருந்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஒருமுறை போனார், நான்கு நாள். ஒன்பதாவது மாடி. மாப்பிள்ளை மணிக்கொருதரம், "மாமா, பேப்பர் வேணுங்களா?" என்று ஒரே பேப்பரை நீட்டினார். அந்த வீட்டில் சமையலறைக்கு வாசலே இல்லை. அடுப்பும் சோபாவும் ஒரே ஹாலில். தெய்வாத்தாள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில், டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். லிங்கசாமி அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஐந்தாம் நாள் லீவு இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். லீவு இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் ஏழு மணி போனில் தெய்வாத்தாள் டிவியைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். பாப்பா மறுக்கா முழுகாம இருக்குதுங்க."

"நல்ல சேதிதான புள்ள," என்றார். மகளுக்கு வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் பேர்.

"நல்ல சேதிதானுங்க. வைகாசில ஆவுமாமா. இந்தத் தடவ அங்க வர முடியாதுங்குது, ஆப்பீஸ்ல லீவு இல்லியாமா. இங்கியே வெச்சுப் பாத்துக்கறேன்னு சொல்லீட்டனுங்க."

லிங்கசாமி ஐந்து மாதமாக மீனையும் முத்திரையையும் சாம்பலையும் கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றுதான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அப்ப நீ எப்ப வருவே?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தத்துக்கு மேலே தெய்வாத்தாள் கணக்குச் சொன்னார்.

"பெரியவன் ஸ்கூலுக்குப் போகோணும். சின்னது பொறந்து நடக்கோணும். ரெண்டு ரெண்டரை வருசம் ஆவுமாட்ட இருக்குதுங்க. நீங்க நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிப் போடுங்க. ஊட்டுல பேச்சுச் சத்தமாவது கேட்டுட்டு இருக்கும்."

"செரி," என்றார். சரி என்பது லிங்கசாமி தொழிலில் அபூர்வமாகச் சொல்லும் வார்த்தை.

மறுநாள் ஷோரூமில் ராபின் பிளாஸ்மாவைப் போடப் போனார்.

"அது வேண்டாமுங்க. எல்சிடியே குடுத்துருங்க. சின்னதாப் போதும்."

"என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்லுதிய? நாலஞ்சு பேரு பாப்போம்னியள? சைடுல வெளுக்கும், பொறவு வந்து எங்கிட்ட சண்ட போடக் கூடாது."

"சைடுல ஆரும் இல்லீங்க. ஒருத்தர்தான். நேராத்தான் உக்காருவேன்."

ராபின் ஐந்து மாதமாக வைத்திருந்த கேலிகளில் எதை எடுப்பது என்று தெரியாமல் ரிமோட்டுக்கு பேட்டரி போடக் குனிந்துகொண்டார். லிங்கசாமி துணித்துண்டை எடுக்கவே இல்லை. எந்தச் சிவப்பு வந்தாலும் ஒத்துக்கொள்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு டிவி சுவருக்கு வந்தது. மாட்ட வந்தவர் ஒரே ஒரு நாற்காலியை எதிரே போடச் சொல்லி, அதற்கு நேராக உயரம் பார்த்து ஆணி அடித்தார். ஏழு மணிக்குப் போன் வந்தபோது ஒரு பல்பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, சாப்பாடு ஆச்சுங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

அடுத்து வெச்சரட்டுங்களா வரும் என்று லிங்கசாமிக்குத் தெரியும். வந்தது வேறு.

"டிவி வாங்கியாச்சுங்களா?"

லிங்கசாமி சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிச் சிரித்தது.

"இல்ல புள்ள. இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

"என்னமோ சத்தம் கேக்குதுங்களே?"

"பக்கத்து ஊட்டுல. நஞ்சம்மாக்கா புதுசா டிவி வாங்கியிருக்குது."

"பாப்பா, இவனக் கொஞ்சம் புடி" என்று தெய்வாத்தாள் அந்தப் பக்கம் சொல்வது கேட்டது.

"அப்படிங்களா. என்ன டிவியாமா?"

"எல்சிடி."

"கலர் எப்படிங்க?"

"செவப்பு பரவால்ல. கறுப்புத்தான் கருப்புசாமி சொன்ன மாதர, சாம்பலாத் தெரியுது."

"அதெதுனால அப்படி இருக்குதுங்க?"

"தெரியலியே."

"அந்தக் கடைக்காரரக் கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்லுங்க. அவசரப்பட்டு எதையும் வாங்கீராதீங்க. நிதானமாவே பாருங்க."

முப்பத்தொரு நிமிடம் பேசினார்கள். நஞ்சம்மாள் வீட்டு டிவியின் அகலம், உயரம், ரிமோட்டில் எத்தனை பொத்தான் என்பது வரை தெய்வாத்தாள் விசாரித்தார். லிங்கசாமி எழுந்து எழுந்து போய் எண்ணிப் பார்த்துச் சொன்னார். நஞ்சம்மாளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் ஷோரூம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ராபின் பதறி எழுந்தார்.

"என்ன அண்ணாச்சி, செட்டு வேல செய்யலியா?"

"நெம்ப நல்லா வேல செய்யுதுங்க. ஒரு சந்தேகம். இந்தக் கறுப்பு ஏனுங்க சாம்பலாத் தெரியுது?"

"அதான் வாங்கியாச்சுல்லா?"

"வாங்கியாச்சுங்க. நீங்க சொல்லுங்க. கொஞ்சம் விவரமாவே சொல்லுங்க."

கடையில் வேறு ஆள் இல்லை. ராபின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரைக்குப் பின்னால் லைட் எப்படி எரிகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார்.