அக்கா தின்ற வல்லாரை

வல்லாரையைக் கழுவும்போது வருகிற வாசனையைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஈர மண்ணும் பச்சைப் புல்லும் கலந்தாற்போல இருக்கும், கொஞ்சம் நாட்டு மருந்துக்கடை வாசனையும் அடிக்கும். அதோடு விடியற்காலைக் குளிரில் சில்லிட்டுப்போன அலுமினியத் தட்டின் வாசனையையும் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். மலாய் நாட்டு மலையில் ரிங்லெட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, "மர மண்டை" என்று பெயரெடுத்து, அந்தப் பெயரை மாற்றுவதற்காகவே வெறும் வயிற்றில் பச்சை இலை மெல்ல உட்கார வைக்கப்பட்டவள் நான். இப்போது எனக்கு அறுபது வயது. முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், எதையும் மறப்பதில்லை. அதுதான் தொல்லை.

அந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. வருஷக் கடைசியில் பள்ளியில் அரசாங்கச் சோதனை எழுத வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் அப்பா கொழுந்து ஏற்றும் லோரியின் மேலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, முன்னறைக் கட்டிலில் படுத்துவிட்டார். அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தார். களைக்கொல்லித் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மேடு மேடாக ஏறி இறங்குகிற வேலை. ஒரே ஆள் உழைப்பில் வீடு ஓடாது என்று ஆனபோது, இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவ வகுப்பை முடித்திருந்த என் அக்காவின் பெயரைக் கங்காணி "பெரட்டில்" சேர்த்துக்கொண்டார். பெரட்டு என்றால், விடியுமுன்னே ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். அக்காவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் நின்ற அன்றைக்கு அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் மறந்துவிடவில்லை, அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் படிக்கிற பிள்ளை என்று மிஞ்சியது நான் ஒருத்திதான் என்பதால், அம்மா தன் நம்பிக்கை மொத்தத்தையும் என் மண்டைமீது இறக்கினார். வெள்ளிக்கிழமை தோறும் தலையில் நல்லெண்ணெய் வைத்து, பல் தந்தியடிக்கிற அந்த மலைக் குளிரில் குளிக்க வைப்பார். "வெண்டைக்கா தின்னாத்தான் கணக்கு வரும்" என்பார். எங்கள் குளிருக்கு வெண்டை காய்க்காது, அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறி வருகிற லோரியில் வந்தால்தான் உண்டு, வந்தால் அது முழுக்க என் தட்டில்தான் விழும். நாக்கில் வசம்பைத் தேனில் உரசித் தடவுவார். இவை எல்லாவற்றுக்கும் மேலே வல்லாரை. தேயிலை நிரைகளுக்கு நடுவே ஓடுகிற வாய்க்கால் ஓரங்களில் அது தானாகப் படர்ந்திருக்கும். மருந்தடிக்கிறவர் என்பதால் எந்த வாய்க்காலில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்பது அம்மாவுக்கு மட்டும் அத்துப்படி. விழாத மேட்டிலிருந்து மடியில் பறித்து வந்து, மூன்று தண்ணீரில் அலசி, தினமும் காலையில் ஒரு பிடி என் தட்டில் வைப்பார். "தின்னுலா. மறதியெல்லாம் ஓடிப்போயிரும்."

அக்காவின் தட்டில் வைக்கமாட்டார். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டபோது, "கொழுந்து பறிக்கிறதுக்கு ஞாபகசக்தி என்னாத்துக்கு?" என்றார். அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. இருக்கிற ஒரு போர்வையை எந்தப் பிள்ளைக்குப் போர்த்துவது என்று முடிவெடுத்துவிட்ட தாயின் பேச்சு அது.

எனக்கோ அந்த இலை தொண்டைக்குள் இறங்காது. கசப்பும் துவர்ப்புமாக நாக்கில் அப்பிக்கொள்ளும், குமட்டும். முதல் வாரத்திலேயே நானும் அக்காவும் ஒரு வழி கண்டுபிடித்தோம். அம்மா மலைக்குக் கொண்டுபோகிற தேநீரைப் போத்தலில் ஊற்றுவதற்காக அடுப்புப் பக்கம் திரும்புவார். அந்த நேரத்தில் அக்காவின் கை என் தட்டுக்கு வரும், ஒரு பிடி இலையும் ஒரே உருட்டாக அவள் வாய்க்குள் போகும். உடனே அவளுடைய இடது கண் தானாக மூடிக்கொள்ளும், மூக்கு சுருங்கும், தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும். அந்த முகத்தைப் பார்த்து நான் சிரித்துவிடுவேன். "என்னாடி சிரிப்பு?" என்று அம்மா திரும்பும்போது என் தட்டு காலியாக இருக்கும். "ம், இப்படித்தான் சமத்தா திங்கணும்" என்பார். ஏறத்தாழ ஒரு வருஷம் இப்படி நடந்தது. அக்கா என்மேல் வைத்திருந்த பாசம் அது என்று நான் நம்பினேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சாயங்காலம் அக்கா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே என் பாடப் புத்தகத்தை முட்டியில் விரித்து வைத்திருப்பாள். நான் திக்கித் திணறுகிற பாடத்தை அவள் அடுப்புக்கு விறகு தள்ளியபடியே தலைகீழாக ஒப்பிப்பாள். இந்த நாட்டில் ஓடுகிற ஆறுகளின் பெயரையெல்லாம் அவள் கொழுந்து மேட்டில் சொல்லிக்கொண்டே கிள்ளுகிறாள் என்று கூட வேலை செய்கிற பெண்கள் வந்து கேலி பண்ணியிருக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சோதனைக்கு ஒரு வாரம் இருந்தபோது எனக்குப் பயம் பிடித்தது. வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு, முதல் நாள் படித்தது ஒரு வரிகூட வரவில்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் என் பதினொரு வயது மூளை ஒரு கணக்குப் போட்டது: எனக்கென்று பறித்த இலை அத்தனையும் அக்கா வயிற்றுக்குள் போயிருக்கிறது, அதனால்தான் எனக்கு வர வேண்டிய ஞாபகமெல்லாம் அவளிடம் இருக்கிறது. மறுநாள் காலை அம்மா திரும்பியதும் அக்காவின் கை வந்தது. நான் இலையை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"குடுடி," என்றாள் மெதுவாக.

"இன்னிக்கு நானே தின்னுறேன்."

அவள் முகம் மாறிவிட்டது. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப்போன அவளுடைய நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. "ஒனக்குத்தான் பள்ளிக்கூடம் இருக்குல்ல? இதையாச்சும் எனக்கு விடுடி," என்றாள். சொல்லிக்கொண்டே இலையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் கத்தினேன். "அம்மா! அக்கா என் இலையப் புடுங்கித் திங்கிறா!"

அம்மா போத்தலைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்காவின் கன்னத்தில் அறைந்தார். முதல் அறையிலேயே அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். "தங்கச்சி படிப்பையாடி திங்கிற? வெக்கமா இல்ல ஒனக்கு? எத்தன நாளா நடக்குது இது?" அறைக்கு ஒரு கேள்வி. முன்னறையிலிருந்து அப்பா, "காலங்காத்தால என்னா சத்தம்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. "நான்தாம்மா குடுத்தேன், தினமும் நான்தான் குடுத்தேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வாக்கியம்தான். எனக்கு அடி விழும் என்கிற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் பெரட்டுக்கு நடந்து போனாள்.

அதற்குப் பிறகு அம்மா பக்கத்தில் நின்று என்னைத் தின்ன வைத்தார். நான் தேறினேன். "எல்லாம் வல்லாரை பண்ணுன வேலை" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாகிற வரைக்கும் அப்படித்தான் நம்பினார். நான் இடைநிலைப் பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாள், என் சீருடையைத் தேய்த்துக் கொடுத்தது அக்காதான். புத்தக வாசனைகூட வேண்டாம் என்பதுபோல் அதன்பின் அவள் என் பாடங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பிற்காலத்தில் ஆசிரியையாகி, என் மாணவர்களுக்கு இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கசப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்ட அக்காவின் அன்பு என்று உருக்கமாகச் சொல்வேன், பிள்ளைகள் கண் கலங்குவார்கள். அந்தக் கடைசி வாரம் மட்டும் என் கதையில் வரவே வராது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிற எண்ணம் இருந்ததா என்றால் இருந்தது. ஒரு காய்கறி லோரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு அவள் கோலா தெர்லாவுக்குப் போய்விட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி நான் அங்கே போவேன், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைப்பேன், அவள் இன்னும் ஒரு கரண்டி போடுவாள், பேச்சு வேறு பக்கம் போகும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவேன். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அடுத்த தடவை என்றே ஓடிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிஞ்சாங் சந்தையில் அக்கா ஒரு கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "இது என்னா கீரை?" என்று என்னைக் கேட்டாள். அது வல்லாரை. விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு அடுப்பை மறந்தாள், வீட்டுக்கு வருகிற வழியை மறந்தாள், இறந்துபோன கணவர் இன்னும் லோரியோடு திரும்பவில்லையே என்று வாசலில் நின்றாள். ஈப்போவில் இருக்கிற அவள் மகனால் வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை. நான் அவளை ரிங்லெட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா எனக்குச் செய்ததையெல்லாம் இப்போது நான் அக்காவுக்குச் செய்கிறேன். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுகிறேன். வல்லாரை நெய், பிரம்மி லேகியம், ஊறவைத்த பாதாம், காலையில் ஏரிப் பக்கம் ஒரு நடை, மத்தியானம் பல்லாங்குழி. மகன் வாரம் ஒரு புது மருந்து அனுப்பி, "இதையும் குடுத்துப் பாருங்கலா சின்னம்மா" என்கிறான். கொடுத்துப் பார்க்கிறேன். இவையெல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. கீரையும் நடையும் நல்ல தூக்கமும் இருக்கிற ஞாபகத்துக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவளைப் பார்க்கிற மருத்துவர் என்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார், இவளுக்குப் போனது போனதுதான், இனிமேலும் போகும். எனக்கும் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்பு வரைக்கும் என் பெயர் சில நாளாவது அவள் வாயில் வந்தது. இப்போது என்னை "டீச்சர்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள்.

நாங்கள் பிறந்த லயத்தை இடித்து வருஷங்கள் ஆகின்றன. அம்மா வல்லாரை பறித்த மேட்டில் இப்போது பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், வாய்க்காலுக்கு சிமெண்டு போட்டுவிட்டார்கள். இலை சந்தையில் பொட்டலத்தில் வருகிறது, மேலே "பெகாகா" என்று மலாயில் எழுதியிருக்கிறது. இவையெல்லாம் போனதற்கு நான் அழவில்லை. அந்தக் காலையில் அடுப்படியில் இருந்த மூன்று பேரில் அம்மா இறந்துவிட்டார், அக்கா இருந்தும் இல்லை. நான் செய்ததை மன்னிக்க உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான், அவளுக்கு அது நடந்ததே இப்போது நினைவில்லை.

போன வாரம் ஒரு காலை, இரண்டு தட்டிலும் வல்லாரை வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். நேரடியாகச் சொல்ல அப்போதும் தைரியம் வரவில்லை. "ஒரு தோட்டத்துல ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்கக்கா" என்று யாரோ வீட்டுக் கதை மாதிரி ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசி வாரத்தையும் சேர்த்து. அக்கா கவனமாகக் கேட்டாள்.

"அப்புறமாச்சும் அந்தப் பெரிய பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்களா?" என்றாள்.

"இல்லக்கா."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஐயோ பாவம்," என்றாள். தட்டிலிருந்த இலைகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அந்தச் சின்னவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்."

பிறகு இலையை எடுத்துச் சாவகாசமாக மென்றாள். நான் அவளுடைய இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடவில்லை, மூக்கு சுருங்கவில்லை, தோள் அசையவில்லை. கசக்கிறது என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. என் தட்டிலிருந்த இலையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"நீங்க திங்கலையா டீச்சர்?"

"எனக்கு வேணாம்க்கா," என்றேன். "எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு."