மனோரஞ்சிதம் பூத்திருக்கிறதாம்

இன்று காலை கீரைக்காரம்மா கூடையை வாசலில் இறக்கிவிட்டு, மூக்கை விடைத்துக்கொண்டு நின்றார். "யாத்தே, தெருமுக்குலயே மணக்குது. மனோரஞ்சிதம் பூத்துருக்குல்ல? எனக்கு ஒண்ணு தாறீகளா?"

"அங்குட்டுப் போயி நீங்களே பறிச்சுக்கங்க" என்றேன். போன வேகத்தில் இரண்டு பூவோடு வந்து, ஒன்றை எனக்கென்று படியில் வைத்துவிட்டுப் போனார். பூத்திருக்கிறதாம். என் வீட்டுக் கொல்லையில் நடப்பதை நானே இப்படி 'ஆம்' போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொரோனாக் காய்ச்சல் காலத்தில் போன வாசனை எனக்குத் திரும்பவேயில்லை. மூக்கு மட்டும் இருக்கிறது, அதுவும் நல்ல நீளமாக.

பங்குனியில் மற்ற பூக்களுக்குக் கண் போதும். வேப்பம்பூ தானே வந்து தலையில் கொட்டும். மனோரஞ்சிதத்துக்கு இலையும் பச்சை, பூவும் பச்சை. கொக்கி மாதிரி வளைந்த காம்பில் இலைக்கு அடியில் ஒளிந்து தொங்கும். மூக்கை வைத்துத்தான் தேட வேண்டும். மணக்காததைப் பறித்தால் அது பிஞ்சு, அப்புறம் மணக்காது. மஞ்சளாகட்டும் என்று விட்டால் உதிர்ந்துவிடும்.

சின்ன வயதில் தேடுவது நான், பறிப்பது தங்கை வள்ளி. என் மூக்கை வைத்து எனக்கு அவள் சூட்டிய பெயர் மூக்காயி. எங்கள் பக்கம் நிஜமாகவே மூக்காயிகள் உண்டு, அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நினைத்த வாசம் தரும் பூ அது என்பார்கள். நினைத்ததை வாய்விட்டுச் சொன்ன பிறகே முகர வேண்டும் என்பது எங்கள் சட்டம். வள்ளிக்கு எப்போதும் பலாப்பழம். ஒருமுறை நான் அப்பாவின் பட்டறைத் தேக்குத்தூளை நினைத்தேன். "அதுக்குப் பட்டறைக்கே போலாம்ல மூக்காயி" என்றாள்.

போன பங்குனியில் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் அவள் குரலே காற்றாக வந்தது. "இங்கன மருந்து நாத்தம் தாங்கலக்கா. பூத்துருக்குமே, வரும்போது ஒண்ணே ஒண்ணு கொண்டா."

விடிந்ததும் செடிக்குள் தலையைவிட்டேன். பச்சையாகப் பத்துப் பூ இருந்தன. ஒவ்வொன்றையும் மூக்கில் உரசிப் பார்த்தேன். எல்லாம் வெறும் காற்று. செடிக்குள் நின்று ஓவென்று அழுதேன். அக்கம்பக்கத்தில் யாரையாவது ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம். சாகக் கிடக்கும் தங்கையிடமே சொல்லக் கூசி மறைத்த மூக்கை ஊருக்குச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். பத்தையும் பறித்திருக்கலாமே என்பீர்கள். அன்று தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெரிதாகப் பார்த்து ஒன்றைப் பறித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடினேன்.

வள்ளி பூவை வாங்கி என்னிடமே நீட்டினாள். "நீதான் மொதல்ல. என்ன நெனச்ச?"

"பலாப்பழம்" என்று சொல்லி முகர்ந்தேன். "அப்படியே வருதுடி."

அவளும் முகர்ந்தாள். வெகுநேரம் முகர்ந்தாள்.

"இது பிஞ்சுக்கா" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தன நாளா?" என்று கேட்டாள்.

"காய்ச்சல் வந்ததுலருந்து."

"எங்கிட்டக்கூட சொல்லலையே மூக்காயி." ஊசி குத்திக் கறுத்த கையைத் தூக்கி என் மூக்கைத் தடவினாள். அவளுக்காக நான் அழ வேண்டிய இடத்தில் எனக்காக அவள் அழுதாள். "அடுத்த வாட்டி யாரையாச்சும் மோந்து பாக்கச் சொல்லிக் கொண்டா" என்றாள்.

அடுத்த வாட்டி இல்லை. நாலாம் நாள் போய்விட்டாள். மூக்காயி என்று என்னைக் கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.

கீரைக்காரம்மா தெரு திரும்பியதும் படியிலிருந்த பூவை எடுத்தேன். சட்டப்படி, "பலாப்பழம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

நன்றாக மணக்கிற பூவாம்.