சீல் வைத்த நெற்றிக்காசு

பழைய வெள்ளி ரூபாய்க்குத் தரம் சொல்லிப் பிழைப்பதில் ஒரு நிம்மதி உண்டு: நாள் முழுக்கச் செத்துப்போன ராஜாக்களின் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும், அவர்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு மேல்மாடியில் என் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் "ஐயா இல்லீங்களா?" என்பார்கள். ஐயா கிடையாது, அம்மாதான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று. வெள்ளைக்காரன் காலத்து ரூபாயில் என்னிடம் அதிகம் வருவது இரண்டு ராஜாக்கள்: மொட்டைத்தலை ராஜா, தாடியும் கிரீடமும் வைத்த ராஜா. தேய்மானம் பார்த்துத் தரம் எழுதி, கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து ஒட்டிவிடுவேன். ஒட்டினால் ஒட்டினதுதான். உடைத்தால்தான் காசு வெளியே வரும், எழுதிய தரமும் அத்தோடு போச்சு. இதே தொழிலில் அகப்பட்டு விழிக்கும் சகோதர சகோதரிகளே, படித்துவிட்டுச் சொல்லுங்கள், எனக்கு மட்டும்தான் இப்படியா என்று.

முகம் இல்லாத ஏழு ராஜா

பழைய காசைக் கழுவாதீர்கள் என்று வாசலில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். ஒருவரும் படிப்பதில்லை. புளி, எலுமிச்சை, பல்பொடி என்று கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து, தீபாவளிச் சட்டை போட்ட குழந்தை மாதிரி நிற்பார்கள். நமக்கு வயிறு எரியும்.

அந்தியூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஏழு ரூபாய் கொண்டுவந்தார்கள். ஏழும் தாடி ராஜா. பின்பக்கம் நூறு வருஷத்துக் கருமை அப்படியே அழகாக இருந்தது. முகப்பக்கம் மட்டும் கண், மூக்கு தெரியாமல் வழித்து எடுத்திருந்தார்கள். இப்படிப் பாழாக்கிவிட்டீர்களே, இனி வெறும் வெள்ளி விலைதான் என்று கடிந்துகொண்டேன். அந்த அம்மா புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெலை போனாப் போவுதுங்க. அந்த மூஞ்சி நாங்க போற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க."

ஒரு பக்கம் மட்டும்

அந்தியூர் அம்மாவை நினைத்து ஒரு மாதம் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் கருமத்தம்பட்டியிலிருந்து சின்னச்சாமி என்பவர் வந்தார். அறுபது வயதிருக்கும். சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருப்பவர். மஞ்சள் துணியிலிருந்து ஒரே ஒரு தாடி ராஜா ரூபாயை எடுத்து வைத்தார். ராஜாவின் அங்கியில் தொங்கும் குட்டி யானை கூடத் தெளிவாக இருந்தது. திருப்பினால் பின்பக்கம் வழவழவென்று மொட்டையாக இருந்தது. கைமாறிய காசு இரண்டு பக்கமும்தான் தேயும். நகையில் ஒட்டவைத்திருந்தால் பற்றவைத்த தடம் இருக்கும், அதுவும் இல்லை.

"எங்கூட்டு நெத்திக்காசுங்க" என்றார். அந்த வீட்டில் யார் இறந்தாலும் அதே ரூபாயைத்தான் ராஜா முகம் மேலே இருக்கும்படி நெற்றியில் வைப்பார்களாம். சுடுகாட்டுக்கு எடுக்கும் முன் காசைத் திரும்ப எடுத்து, நெற்றியில் பட்ட பக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டு நெடுநேரம் தேய்த்துப் பெட்டியில் வைத்துவிடுவார்களாம். எட்டுப் பேருக்கு வைத்தாயிற்று என்றார். உள்ளங்கையில் வைத்திருந்த ரூபாயை மெதுவாகத் தட்டில் வைத்தேன். இந்த மாதிரிக் காசுக்குத் தரம் கிடைக்காது, விற்கவும் முடியாது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "விக்கறதுக்கு இல்லீங்க. எங்கூட்டுக்காரி படுத்த படுக்கையாக் கெடக்கறா, பத்து நாள்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. இத யாரும் வெளிய எடுக்க முடியாம அடச்சுக் குடுங்க."

டப்பாவுக்குள் ஈரம்

அடைத்துக் கொடுத்தேன். மனுஷன் கலங்கிப்போயிருக்கிறார், நெற்றியில் வைக்கக் காசு இல்லாவிட்டால் சாவும் வராது என்று நினைக்கிறார் போல, ஒரு டப்பாவால் அவருக்கு ஆறுதல் கிடைக்குமென்றால் கிடைக்கட்டுமே என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே டப்பாவோடு வந்தார். ராஜா முகத்துக்கு நேரே உள்பக்கம் பனி பிடித்திருந்தது. சாரல் நாளில் ஒட்டினேன், காற்றிலிருந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது, வெயிலில் வைத்தால் சரியாகும் என்றேன். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, அப்படியே இருப்பதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது.

அவர் டீ குடிக்கக் கீழே போனதும் டப்பாவை ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். என்னோடு வேலை செய்யும் சாந்தியக்கா, பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பனி மறைந்தது, வந்தது, மறுபடி மறைந்தது. கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் வாயால் ஊதுவோமே, அந்த அளவுக்குத்தான் இருந்தது. வேலையைப் பாருங்கள் என்று அதட்டினேன். நானும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தேன். சாந்தியக்கா எழுந்துபோய் வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இது மழ ஈரமில்ல அம்மணி. யாரோ உள்ளுக்குள்ள கஷ்டப்பட்டு மூச்சு உடறாங்க."

வெறும் வெள்ளி

தை மாதம் சின்னச்சாமியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி பாப்பாத்தியம்மா. ஒருதரம் வந்துவிட்டுப் போகச் சொன்னார். போனேன். பின்கட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்தில் கட்டிலே அதிர்ந்தது. பத்து நாள் என்று சொல்லப்பட்டவர் ஆறு மாதமாகக் கிடந்தார். முதுகெல்லாம் புண். புரட்டிப் படுக்கவைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். சின்னச்சாமி நிலைப்படியில் சாய்ந்து, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"அவரு பயத்துல செஞ்சுபோட்டாரு. அவருகிட்டக் கேட்டா அழுகறாரு" என்றார் பாப்பாத்தியம்மா. "அடச்சது நீதான, நீயே ஒடச்சுக் குடு. வலி தாங்கல." அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைங்கம்மா, அது வெறும் வெள்ளிதான் என்று தைரியமாகச் சொன்னேன். ஆனால் பையில் எப்போதும் கிடக்கும் கட்டிங் பிளேயரை எடுக்கக் கை வரவில்லை. அதை அவர் கவனித்துவிட்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "வெறும் வெள்ளின்னா ஒடைக்கறதுக்கு என்ன பயம் கண்ணு?"

உடைத்தது

சின்னச்சாமி உள்ளே போனார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பீரோவிலிருந்து டப்பாவை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை. நானாக இழுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே விட்டார்.

ஓரத்தில் பிளேயரை வைத்து அழுத்தினேன். ரூபாய் துள்ளிச் சிமெண்டுத் தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. நல்ல வெள்ளி கீழே விழுந்தால் கணீரென்று கேட்கும். இது துளிச் சத்தம் போடவில்லை. எடுத்துப் பார்த்தேன், நனைந்திருந்தது. பாப்பாத்தியம்மா அதைக் கையில் வாங்கி மூடிக்கொண்டார். புருஷனை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். நான் கோயமுத்தூர் வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுவாரம் சின்னச்சாமி கடைக்கு வந்தார். ரூபாயை மறுபடி அடைக்கவேண்டுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். வேண்டாம், அடுத்து எனக்குத்தான், பெட்டியிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு ஏதோ அனுமதி கேட்கிறவர் போல, சட்டைப்பையிலிருந்து டப்பாவின் உடைந்த துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெளியே நல்ல வெயில். துண்டின் ஒரு பக்கம் பனி பிடித்திருந்தது. நான் துடைக்கத் துணியை எடுத்தேன். அவர் கையை வைத்து மறைத்துக்கொண்டார். "தொடச்சுப்போடாதீங்க. இத நானே வெச்சுக்கறனுங்க, அவ இன்னும் இதுல இருக்கறா."

அன்றிலிருந்து யார் ரூபாய் கொண்டுவந்தாலும், லென்ஸை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் ராஜாவின் முகத்தைப் பார்க்கிறேன்.