நாவலூர் போய்ச் சேர்வதற்குள் நின்றுபோன வாயு

பிற்பகல் 1.40. சிட்லபாக்கத்தில் ஆட்டோ ஏறினேன். நாவலூருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், நானூற்றைம்பது ரூபாய். என் ஆய்வு வழிகாட்டி அங்கே குடியிருக்கிறார். என் முதல் கட்டுரையை அவரோடு கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் காட்ட முடியும். அதற்கும் இன்றுதான் கடைசி நாள். போனிலேயே பேசி முடிக்கலாமே என்றேன். "நேர்ல வாம்மா, அப்பதான் தப்பு கண்ணுல படும்" என்றார். எனக்கென்று வாய்த்தாரே!

2.30. மேடவாக்கம். வண்டி நகரவே இல்லை.

"இன்னா மேடம், டைமையே பாத்துகினு கீறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"ரொம்பத் தூரத்துல ஒரு குட்டி கேலக்ஸிண்ணா. அதுலேர்ந்து வாயு வெளிய ஓடுது. வாயு போயிட்டா புதுசா நட்சத்திரம் பொறக்காது. அதை எழுதி இன்னைக்கே அனுப்பணும்."

"இன்னா ஸ்பீடு ஓடுது?"

"செகண்டுக்கு எண்பத்து மூணு கிலோமீட்டர்."

"செகண்டுக்கா! இங்க ஒரு அவர்ல பத்து தாண்டல. பேஜாரா கீது மேடம்."

3.20. சோழிங்கநல்லூர் சிக்னல். மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். சார் போன் செய்தார். "அலைநீள டேபிள் எதுன்னு ஒரு வரி சேத்துடும்மா." மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு வருடம் முன்பு அவரே கொடுத்த டேபிள் கோப்பு. முதல் வரி: 'காற்றில் அளந்தவை'.

ஒளியின் அலைநீளம் காற்றில் ஒரு எண், வெற்றிடத்தில் சற்றே பெரிய எண். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குக் காற்று எண்ணையும் புற ஊதாவுக்கு வெற்றிட எண்ணையும் எழுதுவது எங்கள் தொழிலில் பாழாய்ப்போன ஒரு பழக்கம். கேலக்ஸியின் வேகத்தை முதல் வகையிலும் வாயுவின் வேகத்தை இரண்டாவது வகையிலும் கணக்கிட்டிருந்தேன். தொலைநோக்கித் தரவோ முழுக்க வெற்றிடக் கணக்கு. இப்படிக் கலந்தால் வரும் பொய் வேகம் நொடிக்கு எண்பத்து மூன்று கிலோமீட்டர்!

வாயு எங்கேயும் ஓடவில்லை. அந்தக் கேலக்ஸி சமர்த்தாக நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. என் இரண்டு வருட உழைப்புதான் போயிற்று. முதல் வரியைக்கூடப் படிக்காத என்னை எதால் அடிப்பது?

4.15. நாவலூர். பெயர், எண், ஓடிபி என்று வாசல் காவலாளி பத்து நிமிடத்தைத் தின்றார். லிஃப்டில் முடிவு செய்துவிட்டேன்: இப்போதைக்கு அனுப்பிவிடலாம் சார், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்பது. யாருக்குத் தெரியப்போகிறது?

உள்ளே போனதும் அந்த முதல் வரியைக் காட்டினேன். சார் அதை இரண்டு முறை படித்தார்.

"போன வருஷம் வந்த என் பேப்பர்லயும் இதே டேபிள்தாம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் தன் கணினியை இழுத்துவைத்து ஆய்விதழுக்கு எழுத ஆரம்பித்தார்: போன வருடம் வந்த என் கட்டுரையின் முடிவு தவறு, திரும்பப் பெற விரும்புகிறேன். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது? பக்கத்தில் உட்கார்ந்து, என் எண்களை முதலிலிருந்து மாற்றத் தொடங்கினேன். ஐந்து மணி தாண்டிப் போனது.

6.10. திரும்ப ஆட்டோவுக்கு ஐந்நூற்றைம்பது கேட்டார்கள். பேரம் பேசத் தெம்பில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் அதே நெரிசல். வீட்டிலிருந்து அம்மா அழைத்தார்.

"அனுப்பிட்டியாடி?"

"இல்லம்மா. நல்லவேளை, அனுப்பல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.