நூற்றிருபது சாவிகளும் ஒரு பீரோவும்

அக்காவின் இரும்புக்கடையில் எதையும் எழுதி வைக்காமல் நகராத தங்கைக்குக் கடைவீதி சூட்டிய பெயர் ‘ரெஜிஸ்டர்’. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பெயர் வைத்தவர் யார், என்றைக்கு வைத்தார் என்பதையும் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு பெயின்ட் அறிமுகக் கூட்டத்துக்கு அக்கா மூவாயிரம் நோட்டீஸ் அடித்தாள். வந்தவர்கள் பதினான்கு பேர். அவர்களிலும் மூவர் மண்டப வாடகை விசாரிக்க வந்தவர்கள். மறுநாள் தங்கை கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி, நோட்டீஸ்கள் என்ன கதிக்கு ஆளாயின என்று ஆராய்ந்தாள். ஆணிப் பொட்டலமானவை நாற்பத்தொன்று, ஆடும் மேசைக்காலுக்கு அடியில் போனவை ஆறு, மூக்குக்கண்ணாடி துடைத்தது ஒன்று. எவரும் படித்ததற்கான தடயம் எதிலும் இல்லை. அன்றைய பக்கத்தின் அடியில் அவள் எழுதிய முடிவு: ‘காகிதத்தைக் கசக்க யாருக்கும் கை கூசுவதில்லை. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவியைத் தூக்கி எறியத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.’

இந்த ஆண்டு அந்த முடிவுக்கு வேலை வந்தது. ஒரு பூட்டுக் கம்பெனி புதுப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. தெருவில் எவராலும் அதன் சாவிக்கு டூப்ளிகேட் போட முடியாது என்பது கம்பெனியின் பெருமை. அறிமுகக் கூட்டத்துக்கு ஐம்பது கடைக்காரர்களாவது வந்தால் ஏஜென்சி அக்காவுக்கு, ஒருவர் குறைந்தாலும் எதிர்க்கடைக்காரருக்கு என்று கம்பெனி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

தங்கையின் திட்டம் எளிது. மண்டபத்தில் ஒரு பீரோ. அதில் புதுப் பூட்டு. கடைக்கு ஒன்றாக நூற்றிருபது சாவிகள்; ஒன்று மட்டும் அசல், மற்றவை பார்வைக்கு அதைப் போன்றவை. முதலில் திறப்பவருக்குப் பீரோ சொந்தம். டூப்ளிகேட் சாவி போடுபவரிடம் அசலைக் கொடுத்து, பல் எப்படி இருந்தாலும் சரி, பூட்டைத் திறக்கக் கூடாது, அதுதான் முக்கியம் என்று விளக்கினாள். அவர் தலையாட்டினார். தலையாட்டிய நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

நாளும் இடமும் மட்டும் எழுதிய சிறிய அட்டையைச் சாவியோடு கட்டி, கடை கடையாக அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர்க்கடையையும் விடவில்லை.

“ஏண்டி, அந்த ஆளுக்கும் குடுத்துட்டு வந்திருக்கியே, உனக்கு மூளை கீளை இருக்கா?” என்றாள் அக்கா.

“அவரும் ஒரு தலைதானேக்கா. ஐம்பதுல ஒண்ணு.”

அடுத்த மூன்று நாள் கடைவீதியில் வேறு பேச்சில்லை. கல்லாவுக்குக் கல்லா சாவி கிடந்தது. மருந்துக்கடைக்காரர் அதை மனைவியின் பெட்டியில் போட்டுப் பார்க்கப்போய்க் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் நூற்றுப்பதிமூன்று பேர். நாற்காலி போதாமல் அக்கா முகம் மலர்ந்து ஓடிக்கொண்டிருந்தாள். டூப்ளிகேட் போட முடியாத சாவியைப் பற்றி மேனேஜர் அரைமணி நேரம் பேசி அமர்ந்ததும், முதல் ஆளாக எதிர்க்கடைக்காரர் பாய்ந்து வந்து சாவியைப் போட்டார். பீரோ திறந்துகொண்டது. அக்காவுக்கு வயிறு எரிந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கும். பெயின்ட் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டாமல் பூட்டை மறுபடி பூட்டித் தன் சாவியையும் போட்டுப் பார்த்தார். அதுவும் திறந்தது. அடுத்து மருந்துக்கடைக்காரர். பிறகு சாவியும் கையுமாக ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. திறக்கத் திறக்கச் சிரிப்பு மண்டபத்தை நிறைத்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

தங்கை கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். சாவி போடுபவர் பெருமிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“திறக்காத சாவியை இந்தக் கையால போட்டதே இல்லம்மா. மனசு கேக்கல,” என்றார். “முதல் சாவிக்குத்தான் அரை நாள் ஆச்சு. அப்புறம் கை பழகிடுச்சு.”

மேனேஜர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஏஜென்சி போயிற்று என்று அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தங்கை வாசலை மறித்து நின்று, நூற்றுப்பதிமூன்று பேர் வந்திருப்பதை நினைவூட்டினாள்.

“ஐம்பது பேர் வரணும்னு சொன்னது பூட்டு வாங்கறதுக்கும்மா. சிரிக்கறதுக்கு இல்ல,” என்றார் மேனேஜர்.

“இந்தப் பூட்டு இனிமே இங்க விக்காது சார். எதிர்க்கடைக்குக் குடுத்தாலும் விக்காது. நீங்க வேற பூட்டு செஞ்சு கொண்டு வாங்க. இதே மண்டபத்துல, எல்லார் முன்னாலயும் சாவி போடற இவர்கிட்ட அசல் சாவியைக் குடுத்து நாள் முழுக்க உட்கார வைப்போம். இவரால முடியலைன்னா, அப்புறம் நம்பாதவங்க யாரு?”

மேனேஜர் யோசித்தார். “இவ்வளவு பேரும் மறுபடி வருவாங்களா?”

“இவர் தோக்கறதைப் பார்க்கறதுக்கா? குடும்பத்தோட வருவாங்க.”

மேனேஜர் பையைக் கீழே வைத்தார். ஏஜென்சி தாளை வெளியே எடுத்து, ‘புதிய பூட்டுக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் அக்கா அதை வாங்கி மடித்துக்கொண்டாள்.

சாவி போடுபவர் பின்னாலிருந்து நிதானமாக ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தார்: அன்றைக்கு நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். மேனேஜர் சரியென்று தலையசைத்துவிட்டு, மண்டபத்திலேயே இருட்டான மூலை எது என்று கண்ணால் ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.