பாலம் உடையவில்லை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. குடும்பத்தில் எழுதுகிறவன் என்று இந்தக் கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் எழுதுவது நகைச்சுவை. படித்துச் சிரித்தவர்களைவிட வருந்தியவர்களே அதிகம் என்பதால், நினைவு மலருக்குப் பொருத்தமான ஆள்தான்.

அண்ணன் பிறந்தது செட்டியார்பட்டியில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், தம்பி தங்கைகளுக்குச் சோறு போடப் பட்டாளத்தில் சேர்ந்தார். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், ஆற்றைக் கடந்து எதிரியின் பாலம் ஒன்றைத் தகர்க்கப் போன படையில் அவரும் அவருடைய நண்பரான வன்னியம்பட்டிக்காரரும் இருந்தார்கள். பாலம் உடையவில்லை. நண்பர் திரும்பவில்லை. அண்ணன் ஒரு காலை இழந்து திரும்பினார்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்து மில் ஒன்றில் டைம் ஆபீஸ் வேலை. தாமதமாக வந்த தொழிலாளியை அண்ணன் திட்டியதில்லை. அட்டையில் தாமதம் என்று குறிக்காமல் விட்டதுமில்லை.

அந்தப் போரில் தேசம் வென்றது. வென்ற போருக்குள் தோற்ற சண்டை ஒன்று இருப்பது தேசத்துக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பாலம் மெல்ல மெல்ல உடையத் தொடங்கியது. எண்பதுகளின் மேடைப் பேச்சாளர்கள் முதலில் அதில் விரிசல் உண்டாக்கினார்கள். பிறகு பாதியை இடித்தார்கள். தொண்ணூற்றொன்றில், வெற்றியின் இருபதாம் ஆண்டென்று மில் மனமகிழ் மன்றத்தார் நாடகமே போட்டு முழுதாகத் தகர்த்தார்கள்.

ராணுவ உடுப்பு வாடகைக்குக் கிடைக்காததால் படை போலீஸ் உடுப்பில் புறப்பட்டது. பாலம் தெர்மோகோல். சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது வெடிக்கு என்ன பஞ்சம்? பாலத்தோடு பின்திரையும் எரிந்தது. நானும் கைதட்டினேன், கூட்டத்தோடு சேர்ந்தால் எனக்குக் கை நிற்காது. முன்வரிசையில் இருந்த நண்பரின் மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் அவர் வன்னியம்பட்டி அக்கா, "பாலத்தோடு தன்னையும் தகர்த்துக்கொண்ட மாவீரரின் மனைவி" என்று சால்வை போர்த்தினார்கள்.

அண்ணன் கட்டையை ஊன்றி மேடையேறி மைக்கை வாங்கினார்.

"பாலம் உடையலைங்க. முழுசா நிக்கிறதத்தான் பாத்துட்டு வந்தோம்."

மன்றச் செயலாளர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, செத்த நேரம் சும்மா இருங்க. அக்கா மனசு என்ன பாடுபடும்?"

"அவங்களுக்காகத்தான்யா சொல்லுதேன்."

"தோத்ததுக்கு எவன் கைதட்டுவான்?"

அக்கா எழுந்துவிட்டார். "அவரு கெடக்காரு, நீங்க சொல்லுங்கண்ணே. இருபது வருசமா நானும் கேக்கல, நீங்களும் சொல்லல. பாலம் உடையலேன்னா அவிய எப்படிச் செத்தாவ?"

"பாலத்துக்குப் போகமுடியலை, மேலேருந்து திரும்பி வரச் சொல்லிட்டாவ தங்கச்சி. ஆத்துல அம்புட்டு இழுப்பு. எங்க ஆளுக இந்தக் கரை ஏறுற வரைக்கும் அந்தக் கரையில கயித்தைப் புடிக்க ஒரு ஆள் வேணும். ஒம் வீட்டுக்காரன்தான் நின்னான். நாங்க ஏறிட்டோம். அவன்..."

செயலாளர் தேசிய கீதத்தைப் போடச் சொல்லிவிட்டார். எல்லோரும் வாய்மூடி விறைப்பாக நின்றோம்.

பாலத்தை உடைத்துவிட்டால், பின்வாங்கியதே இல்லை என்றாகிவிடும். பின்வாங்கவே இல்லையென்றால் கயிற்றைப் பிடித்தவர் எங்கே? பட்டாசு வாங்கப் போனவர்களுக்கு இதை யோசிக்க நேரமில்லை. மறு ஆண்டிலிருந்து அண்ணனை விழாவுக்கு அழைக்கவில்லை. அதில் அவருக்கு வருத்தமுமில்லை. அவர்கள் போர்த்தும் சால்வை ஒரே துவைப்பில் சாயம் போகும்.

சர்க்கரை நோய் முற்றி அண்ணன் படுக்கையில் விழுந்தபின் அக்கா அடிக்கடி வந்தார். வந்தபோதெல்லாம் அந்தக் கதையை முதலிலிருந்து கேட்டார். மூச்சு வாங்கினாலும் அண்ணன் குறைக்காமல் சொன்னார்.

இறுதி ஊர்வலத்தன்று மன்றத்தார் 'பாலம் தகர்த்த வேங்கை' என்று துணிப் பேனர் கொண்டுவந்தார்கள். அக்கா வாசலிலேயே மறித்தார்.

"ஏலே, சுருட்டுங்க அதை. பொணத்து மேலயும் பொய்யா?"

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும், தோள் கொடுத்த மில் தொழிலாளர்களுக்கும், வந்திருந்து துயரம் பகிர்ந்த அனைவருக்கும் நன்றி. பேனரைத் திருப்பிக் கட்டி வெயில் மறைத்தோம், மன்றத்தாருக்கும் நன்றி. தோற்ற சண்டையிலிருந்து எங்கள் அண்ணனைக் கரையேற்றி, கால் நூற்றாண்டுக்கு மேல் எங்களோடு இருக்கவிட்டவர் வன்னியம்பட்டிக்காரர். அவருக்கு நன்றி சொல்ல, இத்தனை பெரிய தேசத்தில் இந்த ஒரு பக்கம்தான் எங்களுக்குக் கிடைத்தது.