கூடத்துக் கேமரா பேசாத நாள்

படம் அப்படியே நின்றுவிட்டது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கை நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் கேமரா ‘ஆஃப்லைன்’ என்று போனில் எழுத்து வந்தது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில், அலுவலகத்தில், மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. சில வருடங்களாக அவருக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. விலாசம் கேட்டால் சிரிப்பார். ஒரு தடவை கதவு திறந்திருக்கிறதென்று வெளியே போய்விட்டார். எந்த ஊருக்கு டிக்கெட் என்று சொல்லத் தெரியாமல் ரயில் நிலையத்தில் நின்றவரை, தெரிந்தவர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து கிரில் கேட்டுக்குப் பூட்டு, சாவி எதிர் வீட்டு அக்காவிடம், கூடத்தில் கேமரா. மதியம் கணவர் கடையிலிருந்து வந்து சோறு போடும்வரை அந்தக் கேமராதான் காவல்.

அதில் பேசவும் முடியும். “மாமா, தண்ணி குடிச்சீங்களா?” என்று நான் இங்கிருந்து கேட்டால், அவர் அங்கே சுவர் மூலையைப் பார்த்து, “குடிச்சேம்மா” என்பார். குடித்திருக்க மாட்டார். மறுபடி அதட்டுவேன். பக்கத்து சீட்டுக்காரர், “என்ன மேடம், காலைச் செய்திகள் வாசிச்சாச்சா?” என்று கிண்டல் செய்வார்.

அன்றைக்கு ஆனித் தேர். தேர் ஓடும்போது கரன்ட்டை நிறுத்துவார்கள் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால் முதல் நாளே ரவுட்டரையும் கேமராவையும் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு, நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். போதாதா?

செயலியை மூடித் திறந்தேன். போனை அணைத்துப் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரரின் போனை வாங்கி அதிலும் பார்த்தேன். ஆஃப்லைன். கணவருக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். எங்கே இருக்கப்போகிறார், மேல வீதியில் கடையில்தான் இருந்தார். அவ்வளவு கூட்டம் சேர்ந்தால் டவர் என்ன செய்யும்? மாமாவிடம் ஒரு பட்டன் போன் உண்டு. அது அடித்தால் பக்கத்து வீட்டில் ஏதோ அடிக்கிறது என்று அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். அடித்து அடித்துக் கடைசியில் எதிர் வீட்டு அக்கா கிடைத்தார்.

“அக்கா, வூட்டத் தொறந்து மாமா இருக்காரான்னு கொஞ்சம் பாருங்க.”

“இருக்காரு, இருக்காரு. சும்மாதான் குந்தினு இருக்காரு.”

அந்த இடத்தில் போனை வைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. “அப்படியே அந்த ரவுட்டர்ல என்ன லைட்டு எரியுதுன்னு சொல்லுங்களேன்” என்றேன்.

“பச்சையா ரெண்டு எரியுது. கீழ ஒன்னு செவப்பா மினுக்கு மினுக்குங்குது.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். அதேதான்.”

“மஞ்ச ஒயரு ஒன்னு இருக்கும் பாருங்க. அத புடுங்கி மறுபடி சொருவுங்க.”

“சொருவிட்டேன்டி. செவப்புதான்.”

“பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊக்கால அழுத்திப் புடிங்க.”

புத்தி கெட்ட வேலை. அக்கா அழுத்தினார். எல்லா விளக்கும் அணைந்து, எல்லாம் வந்து, சிவப்பு மட்டும் விடாமல் மினுக்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அப்படி அழுத்தினால் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் மொத்தமாக அழிந்துவிடும். இனி லைன் வந்தாலும் கேமராவுக்கு வழி தெரியாது. அதற்குள் அக்கா, “மேளம் கேக்குதுடி, தேரு வந்துருச்சி. நான் போயிட்டு வந்து பாக்குறேன்” என்று போனை வைத்துவிட்டார்.

விட்டேனா? கேபிள்காரருக்கு அடித்தேன். பின்னால் ஒரே இரைச்சல். “அக்கா, தேருக்கு ஒயர அவுத்தாச்சிக்கா. வீதியில குறுக்க போற ஒயரெல்லாம் கீழ கெடக்குது. தேரு நெலைக்கு வந்தாதான் திரும்பக் கட்டுவோம். நீங்க இந்த ஊருதான?” என்றார்.

இந்த ஊர்தான். பிறந்ததும் வாக்கப்பட்டதும் இந்த ஊர்தான். ஒவ்வொரு தேருக்கும் டி.வி. போய், ஒயர் கட்டியதும் திரும்ப வந்திருக்கிறது. ரவுட்டருக்கும் அதே கம்பத்திலிருந்துதான் ஒயர் வருகிறது என்று மண்டையில் ஏறவில்லை. கரன்ட்டை யோசித்தவள் ஒயரை யோசிக்கவில்லை. சரி, கோளாறு ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. அக்கா கேட்டைப் பூட்டினாரா?

அவர் போன் எடுக்கவில்லை. பிறகு அடித்தால் மணியே போகவில்லை. சூப்பிரண்டிடம் அரைநாள் லீவு என்று வாயால் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்காரவும் முடியவில்லை. ஒயர் கீழே கிடக்கிறது, படம் வராது என்று நன்றாகத் தெரியும். ஆலப்பாக்கம் தாண்டும்வரை செயலியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஊருக்குள் பஸ் போகாது என்று புறவழிச்சாலையில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் செருப்பு அறுந்துவிடும்போல நடந்தேன்.

கேட் திறந்திருந்தது. பூட்டு சாவியோடு கொண்டியில் தொங்கியது. கட்டில் காலி. கொல்லைப்புறம், மாடி, குளியலறை, எங்கும் இல்லை. அவருடைய செருப்பையும் காணோம். ரவுட்டர் மட்டும் அலமாரியில் அதே சிவப்பை மினுக்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆத்திரமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

கீழ வீதிக்கு ஓடினேன். தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் வெள்ளை வேட்டி கட்டாத பெரியவர் யார்? ஒவ்வொரு நரைத்த தலையாகத் திருப்பிப் பார்த்தேன். “மாமா!” என்று கத்தினால் நாலு பேர் திரும்பினார்கள், அவர்களில் எங்கள் மாமா இல்லை. வடம் பிடிக்கிற இடத்தில் நெட்டித் தள்ளினால் அவரால் நிற்க முடியுமா? விழுந்தால் யார் தூக்குவார்கள்? பேர் கேட்டால் சொல்வாரா? கடவுளே, கடவுளே என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது.

காவல் உதவி மையத்து ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டை போட்ட பையன், குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த பெண் குழந்தை. பெரியவர் யாரையாவது சொல்வார்களா என்று நின்று கேட்டேன். அடுத்து ஒரு பெயர் வந்தது. என் பெயர். இனிஷியலோடு என் பெயர்.

“எங்கிருந்தாலும் உடனே காவல் உதவி மையத்துக்கு வரவும். காலையிலிருந்து உங்களைக் காணவில்லை என்று உங்கள் மாமனார் இங்கே காத்திருக்கிறார்.”

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அழுகிற குழந்தைகளுக்கு நடுவே, மாமா உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பெண் போலீஸ் என்னை மேலும் கீழும் பார்த்து, “காணாமப் போனது நீங்கதானா? அவரு பேரக் கேட்டா தெரியல, வீடு தெரியல. உங்க பேர மட்டும் கரெக்டா சொல்றாரு” என்றார்.

மாமாவுக்கு என்னைக் கண்டதும் கோபம் வந்துவிட்டது. “எங்கம்மா போன நீ? ஒரு சத்தத்தையும் காணும். கூப்புட்டு கூப்புட்டுப் பாத்தேன், பேசவே மாட்டேன்ற. இந்தக் கூட்டத்துல எங்க மாட்டிக்கினியோன்னு...” என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். “வந்துட்டேன் மாமா” என்று மட்டும் சொல்லி அழுதேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தால் அவர் எழுந்திருக்கவில்லை. போலீஸ்காரம்மாவைப் பார்த்து, “புள்ள கெடச்சிடுச்சின்னு மைக்குல சொல்லிடும்மா. இன்னும் எல்லாரும் தேடிக்கிட்டு இருக்கப் போறாங்க” என்றார். அந்த அம்மா சிரிக்காமல் மைக்கை எடுத்து, என் பெயரை இனிஷியலோடு சொல்லி, கிடைத்துவிட்டார், தேட வேண்டாம் என்று வீதி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மாமா என் மணிக்கட்டை விடாமல், சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு எழுந்தார்.